வயல் வயலாகவே இருப்பதற்கு யார் விலை கொடுப்பது?

எங்கள் ஊருக்கு மேற்கே, வட்டைக்குப் போகும் வீதியோரத்தில் வாப்பாவின் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. வாப்பா மௌத்தாகி ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. உறுதி இன்னும் அவருடைய பெயரில்தான் இருக்கிறது. நாங்கள் நான்கு பிள்ளைகள், உம்மாவும் இருக்கிறா. பங்கு பிரிப்பது பற்றி ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் பேசுவோம், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒத்திவைப்போம்.

கடந்த பெரும்போகத்தில் அந்தப் பேச்சை ஒத்திவைக்க முடியவில்லை. எங்கள் வயலுக்கு வடக்குப் பக்கத்துக் காணியில் கிறவல் கொட்டி நிரப்பி, மதிலும் கட்டிவிட்டார்கள். தெற்கே இருப்பவரும் விற்கப்போவதாகக் கேள்வி. மழைநீர் வடிந்தோடிய வழி அடைபட்டு, எங்கள் பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் நின்றது. அந்த வாரத்தில்தான் தம்பி வந்து சொன்னான்: "காக்கா, எனக்கு மூணு பொம்புளப் புள்ள இருக்கு. வயலப் பாத்துக்கிட்டு இருந்தா ஊடு கட்ட ஏலுமா? ஏக்கர் கணக்குல வித்தா ஒரு வெல. பேர்ச்சஸ் கணக்குல வித்தா பத்து வெல."

அவனைப் பேராசைக்காரன் என்று நான் நினைக்கவில்லை. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் ஊரில் மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன் வேறு என்னதான் சொல்ல முடியும்? ஆனால் அவன் சொன்ன "பத்து வெல" என்ற வார்த்தை எனக்குள் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டது. வயலாக இருக்கும்போது ஒரு விலை, வீட்டுக் காணியானால் இன்னொரு விலை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் எங்கள் வட்டையை விழுங்குகிறது. அந்த வித்தியாசத்தை வேறு யாராவது கொடுத்துவிட்டால் வயல் தப்பிக்குமா?

இந்தக் கேள்வியோடு தேடிப் படித்தபோது, அமெரிக்காவில் ஐம்பது வருடங்களுக்கு முன்னரே இதே கேள்வியைக் கேட்டு, அதற்கு ஒரு பதிலையும் கண்டுபிடித்திருப்பதை அறிந்தேன். அந்தப் பதிலுக்கு அங்கு வைத்திருக்கும் பெயர் 'கொன்சர்வேஷன் ஈஸ்மென்ட்'. அது என்ன, எப்படி நடக்கிறது, எங்கே பிழைக்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன். எமக்கு அதில் எடுக்க என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ஈஸ்மென்ட் என்றால் என்ன?

ஈஸ்மென்ட் என்பது நமக்குப் புதிய விடயமல்ல. உள்வளவுக்குள் இருக்கும் வீட்டுக்காரர் முன்வளவுக் காணிக்கூடாகப் போய்வர வழியுரிமை எழுதி வாங்குவார். காணி முன்வளவுக்காரருக்கே சொந்தம். ஆனால் அந்தப் பாதையை அடைத்துச் சுவர் எழுப்ப அவருக்கு உரிமை இல்லை. அவர் விற்றாலும், வாங்குபவருக்கு அந்தக் கட்டுப்பாடும் சேர்ந்தே போகும். இதுதான் ஈஸ்மென்ட்.

பாதுகாப்பு ஈஸ்மென்ட் இதே அடிப்படையில்தான் நடக்கிறது. காணிச் சொந்தம் என்பது ஒரே ஓர் உரிமையல்ல, பல உரிமைகள் சேர்ந்த ஒரு கட்டு. பயிரிடும் உரிமை, விற்கும் உரிமை, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் உரிமை, ஈடு வைக்கும் உரிமை, துண்டாடி வீடுகள் கட்டும் உரிமை எல்லாம் அதற்குள் அடக்கம். விவசாயி இந்தக் கட்டிலிருந்து கடைசியாகச் சொன்ன உரிமையை மட்டும் உருவிக் கொடுத்துவிடுகிறார். மற்றவை எல்லாம் அவரிடமே இருக்கின்றன. அவர் தொடர்ந்து பயிரிடலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வெளியாட்கள் காணிக்குள் நுழைய முடியாது. ஆனால் அந்தக் காணியில் வீட்டுத் திட்டமோ கடைத்தொகுதியோ தொழிற்சாலையோ வரவே முடியாது. அவருக்கு மட்டுமல்ல, அவருக்குப் பின் வாங்குபவருக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். காலவரையறை கிடையாது.

விலை போடும் முறையும் எளிமையானது. ஒரு மதிப்பீட்டாளர் காணியை இரண்டு முறை மதிப்பிடுவார். கட்டுப்பாடு இல்லாமல் திறந்த சந்தையில் என்ன பெறும் என்பது முதல் மதிப்பு. விவசாயத்துக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு என்ன பெறும் என்பது இரண்டாவது மதிப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஈஸ்மென்ட்டின் விலை. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஒரு பண்ணை சந்தையில் 15 இலட்சம் டொலர் பெறும், விவசாயக் காணியாக மட்டும் 9 இலட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6 இலட்சம். அந்த 6 இலட்சத்தை விவசாயி கையில் வாங்கிக்கொள்கிறார். காணியும் அவரிடமே இருக்கிறது. அந்தப் பணத்தில் கடன் அடைக்கலாம், உழவு இயந்திரம் வாங்கலாம், விவசாயம் செய்ய விரும்பாத பிள்ளையின் பங்கைக் கொடுத்துத் தீர்க்கலாம்.

இதை வாசித்த எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வக்பு. கைபரில் கிடைத்த காணியை என்ன செய்வது என்று உமர் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டு, அசலை விற்காமல், அன்பளிப்பாகக் கொடுக்காமல், வாரிசுகளுக்குப் பங்கிடாமல் நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தர்மம் செய்தது நாம் அறிந்த வரலாறு. காணியை ஒரு நோக்கத்துக்காக என்றென்றைக்கும் கட்டிவைப்பது என்ற எண்ணம் எமக்கு அந்நியமல்ல. ஆனால் வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். வக்பு செய்தால் காணி எமது கையை விட்டுப் போய்விடும். ஈஸ்மென்ட்டில் காணி குடும்பத்திலேயே இருக்கும், வாரிசுகளுக்கும் போகும். வக்பு தர்மம். ஈஸ்மென்ட் பெரும்பாலும் விற்பனை. ஒன்றை மற்றதாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எப்படித் தொடங்கியது?

நியூயோர்க் நகருக்குக் கிழக்கே லோங் ஐலன்ட் என்ற நீண்ட தீவின் கிழக்குப் பகுதி, சஃபோக் கவுண்டி. கவுண்டி என்பது ஏறத்தாழ நமது மாவட்டம் போன்றது. ஒரு காலத்தில் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குப் பெயர்போன இடம். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நியூயோர்க் நகரம் கிழக்கு நோக்கி விரிந்து, தோட்டம் தோட்டமாக வீட்டுத் திட்டங்களாகியது. 1974இல் சஃபோக் கவுண்டி, விவசாயிகளிடமிருந்து காணியை அல்ல, காணியில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்குவதற்குச் சட்டம் இயற்றியது. 1977இல் முதல் கொள்வனவு நடந்தது. அமெரிக்காவில் இப்படியான முதல் திட்டம் இதுதான்.

அதே 1977இல் மேரிலண்ட், மசசூசெட்ஸ் ஆகிய மாநிலங்களும் இவ்வாறான திட்டங்களைத் தொடங்கின. சமஷ்டி அரசு பின்னால்தான் வந்தது. 1981இல் விவசாயக் காணிப் பாதுகாப்புக் கொள்கைச் சட்டம் வந்தாலும், அது அரசாங்கத் திட்டங்களே தேவையில்லாமல் நல்ல விளைநிலங்களை அழித்துவிடக் கூடாது என்பதைத்தான் கவனித்தது. காணிச் சொந்தக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு 1996ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதில் 35 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டத்தில், தனித்தனியாக இருந்த விளைநில, புல்நில, ஈரநிலத் திட்டங்கள் ஒன்றாக்கப்பட்டு, 'விவசாயப் பாதுகாப்பு ஈஸ்மென்ட் திட்டம்' உருவானது. 2018ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம் இதற்கு வருடத்துக்கு 450 மில்லியன் டொலர் ஒதுக்கியது. 2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் மேலதிகமாக 1.4 பில்லியன் டொலரை ஒதுக்கியது.

இவ்வளவு பணம் ஏன்? அமெரிக்கன் ஃபாம்லண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பின் ஆய்வின்படி, 2001 முதல் 2016 வரை சுமார் 11 மில்லியன் ஏக்கர் விவசாயக் காணி நகரங்களாகவும் சிதறிய குடியிருப்புகளாகவும் மாறியது. ஒரு நாளைக்குச் சுமார் 2,000 ஏக்கர். பரந்த நாடுதானே என்று தோன்றலாம். ஆனால் நல்ல மண்ணும் தண்ணீரும் உள்ள இடத்தில்தான் ஆரம்பத்தில் ஊர்கள் உருவாகின. ஊர் வளர வளர முதலில் மூடப்படுவதும் அந்த நல்ல மண்தான். எங்கள் ஊரிலும் இதே கதைதானே?

அரசு மட்டும் ஏன் செய்யவில்லை?

இத்திட்டத்தில் என்னை அதிகம் கவர்ந்தது இந்தக் கூட்டு முறைதான். விளைநில ஈஸ்மென்ட்டுகளில் சமஷ்டி அரசு விவசாயியிடம் நேரடியாகப் போய் உரிமையை வாங்குவதில்லை. விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, உள்ளூர்ப் பங்காளி ஒருவரோடு ஒப்பந்தம் செய்கிறது. அந்தப் பங்காளி மாநில அரசாக இருக்கலாம், கவுண்டியாக இருக்கலாம், பூர்வகுடிச் சபையாக இருக்கலாம், அல்லது 'காணி நம்பிக்கை நிறுவனம்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பாக இருக்கலாம். நமது பள்ளிவாசல்களில் நம்பிக்கையாளர் சபை இருப்பதுபோல, இந்த நிறுவனங்களுக்கும் உள்ளூர்க்காரர்களைக் கொண்ட சபை இருக்கும்.

ஈஸ்மென்ட் விலையில் பொதுவாக 50 வீதம் வரை சமஷ்டி அரசு கொடுக்கும். சிறப்பான சுற்றாடல் முக்கியத்துவமுள்ள புல்நிலங்களுக்கு 75 வீதம் வரை கொடுக்கலாம். மிகுதியை மாநிலமோ கவுண்டியோ நம்பிக்கை நிறுவனமோ தேடிக்கொள்ளவேண்டும். பல இடங்களில் விவசாயியே ஒரு பகுதியை நன்கொடையாக விட்டுக்கொடுப்பார். அதற்கு வருமான வரியில் சலுகை உண்டு.

பணத்தோடு நிபந்தனைகளும் வரும். மண்ணின் தரம் பார்க்கப்படும். கட்டடத்தாலும் கொங்கிரீட்டாலும் மூடப்படும் பரப்பு, பொதுவாக மொத்தக் காணியில் 2 வீதத்தைத் தாண்டக் கூடாது. பண்ணை வீடு, களஞ்சியம் ஆகியவற்றுக்கான இடம் முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்கப்படும். ஈஸ்மென்ட் காணிப் பதிவேட்டில் பதியப்படும். அதன்பின் உள்ளூர்ப் பங்காளி வருடத்துக்கு ஒரு முறை காணியைப் பார்வையிட்டு அறிக்கை எழுதவேண்டும். பங்காளி தன் கடமையைச் செய்யாவிட்டால் தலையிடும் உரிமையைச் சமஷ்டி அரசு தன்னிடம் வைத்துக்கொள்கிறது.

பணமும் தராதரமும் மேலிருந்து வருகின்றன. அறிமுகமும் கண்காணிப்பும் கீழிருந்து வருகின்றன. தலைநகரிலிருக்கும் உத்தியோகத்தருக்கு எந்த விவசாயி உண்மையில் விற்கும் நிலையில் இருக்கிறார் என்பது தெரியாது. ஊர்க்காரருக்குத் தெரியும். ஊர்க்காரரிடம் பணம் இல்லை. அரசிடம் இருக்கிறது. இருவரும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

லங்காஸ்டரின் பாடம்

இதற்கு நல்ல உதாரணம் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் கவுண்டி. மழைநீரை மட்டும் நம்பி அமெரிக்காவில் அதிக விளைச்சல் எடுக்கும் மண்களில் லங்காஸ்டர் மண்ணும் ஒன்று. அங்கு அமிஷ் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினர் பெருமளவில் வாழ்கிறார்கள். கார் ஓட்டமாட்டார்கள், குதிரை வண்டியில் போவார்கள், கோவேறு கழுதை பூட்டி உழுவார்கள். அரசாங்கத்திடம் பணம் வாங்குவதை அவர்களில் பலர் விரும்புவதில்லை.

பென்சில்வேனியா மக்கள் 1987இல் வாக்களித்து 100 மில்லியன் டொலர் கடன் பத்திரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். 1988இல் மாநிலத் திட்டம் சட்டமாகி, 1989இல் முதல் பண்ணைகள் பாதுகாக்கப்பட்டன. இன்று அங்கு 6,000க்கும் மேற்பட்ட பண்ணைகள், 6 இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான காணி, இவ்வாறு கட்டிவைக்கப்பட்டுள்ளன. ஆனால் அரசாங்கப் பணம் வேண்டாம் என்ற அமிஷ் விவசாயியை எப்படிச் சேர்ப்பது? அதற்காக 1988இல் லங்காஸ்டர் ஃபாம்லண்ட் டிரஸ்ட் என்ற தனியார் நம்பிக்கை நிறுவனம் உருவானது. அரசோடு கைகோக்கத் தயங்கிய குடும்பங்கள் அதன் மூலம் ஈஸ்மென்ட் கொடுத்தன. கவுண்டி ஒரு பக்கம், நம்பிக்கை நிறுவனம் மறுபக்கம் என்று இரு வழியாகவும் ஒரே வேலை நடந்தது. லங்காஸ்டரில் மட்டும் ஒரு இலட்சம் ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

இங்கே இன்னொரு விடயத்தையும் கவனிக்கவேண்டும். பென்சில்வேனியாவில் மாநிலத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க, பண்ணை 500 ஏக்கருக்குக் குறையாத ஒரு 'விவசாயப் பாதுகாப்புப் பிரதேசத்துக்குள்' இருக்கவேண்டும். விவசாயிகள் தாங்களாகவே ஒன்றுசேர்ந்து தமது உள்ளூர்ச் சபையிடம் கேட்டு இந்தப் பிரதேசத்தை உருவாக்குகிறார்கள். காரணம் எளிமையானது. சுற்றிவர வீடுகள் வந்தபின் நடுவில் ஒரு பண்ணையை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை. வடக்கே மதில் எழும்பியபின் எங்கள் இரண்டு ஏக்கருக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்த எனக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அரசு பணம் கொடுக்காமலும் ஒரு வழி

மேரிலண்ட் மாநிலத்தில், வொஷிங்டன் தலைநகரை ஒட்டியிருக்கும் மொன்ட்கொமரி கவுண்டி வேறு வழியில் சென்றது. 1980இல் அது சுமார் 93,000 ஏக்கரை 'விவசாய ஒதுக்கம்' என அறிவித்தது. அதற்குள் 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம். முன்னர் 5 ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம் என்று இருந்தது. அப்படியானால் விவசாயியின் நட்டத்துக்கு யார் பொறுப்பு? ஒவ்வொரு 5 ஏக்கருக்கும் ஒரு 'கட்டட உரிமையை' விவசாயி விற்கலாம் என்று கவுண்டி விதித்தது. வாங்குபவர் நகரப் பகுதியில் வீடு கட்டும் நிறுவனக்காரர். அந்த உரிமையை வாங்கினால், குறிக்கப்பட்ட நகரப் பகுதியில் வழமையை விட அதிக வீடுகளைக் கட்ட அவருக்கு அனுமதி கிடைக்கும்.

அதாவது வயலில் கட்டவேண்டிய வீடு நகரத்துக்கு இடம் மாறுகிறது. வீடு கட்டுபவர் கொடுக்கும் பணம் விவசாயிக்குப் போகிறது. வீடும் வேண்டும், வயலும் வேண்டும் என்ற இடத்தில் இந்த முறை பேசப்படவேண்டியது என்று நினைக்கிறேன்.

எங்கே பிழைக்கிறது?

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது விளம்பரமாகிவிடும். இந்த முறைக்குள் பல குறைகள் இருக்கின்றன.

முதலாவது, காலவரையறை இல்லாமை. இன்றைய விவசாயி பணத்தை வாங்கிக்கொள்கிறார். கட்டுப்பாட்டைப் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளை சுமக்கிறார். அந்த நோக்கமே நிறைவேற முடியாத நிலை வந்தால் நீதிமன்றம் தலையிடலாம். ஆனால் அது இலகுவல்ல. இறந்தவர்களின் கை உயிரோடிருப்பவர்களின் காணியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று இதை விமர்சிப்பவர்கள் அங்கும் உண்டு.

இரண்டாவது, பாதுகாக்கப்பட்ட காணி விவசாயிக்கே எட்டாமல் போகலாம். வீடு கட்ட முடியாவிட்டாலும், அழகான பண்ணையை ஓய்வு மாளிகையாக வாங்க நகரத்துப் பணக்காரர் வருவார். காணி பச்சையாகத்தான் இருக்கும், பயிர் மட்டும் இருக்காது. இதைத் தடுக்க மசசூசெட்ஸ், வெர்மொன்ட் மாநிலங்களில் ஈஸ்மென்ட்டிலேயே ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். விவசாயி அல்லாதவருக்கு விற்கப் போனால், விவசாய விலையில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை ஈஸ்மென்ட் வைத்திருப்பவருக்கு உண்டு.

மூன்றாவது, மோசடி. ஈஸ்மென்ட்டை நன்கொடையாகக் கொடுத்தால் வரிச்சலுகை உண்டு என்றேன். சில தரகர்கள் குறைந்த விலைக்குக் காணி வாங்கி, கூட்டாகப் பங்குகளை விற்று, மதிப்பீட்டாளரைக் கொண்டு பல மடங்கு மதிப்புப் போட்டு, பங்காளிகளுக்குப் பெரும் வரிக்கழிவு எடுத்துக்கொடுத்தார்கள். அமெரிக்க வரித் திணைக்களம் பல வருடங்கள் நீதிமன்றங்களில் போராடியது. கடைசியில் 2022 டிசம்பரில், இவ்வாறான கூட்டுக்களில் முதலீட்டின் இரண்டரை மடங்கைத் தாண்டிய கழிவு கோர முடியாது என்று சட்டம் வந்தது. மதிப்பீட்டாளர் நேர்மையற்றவராக இருந்தால் முழுத் திட்டமும் சரிந்துவிடும் என்பதற்கு இது சாட்சி.

நான்காவது குறை என் மனதை அதிகம் தொட்டது. ஈஸ்மென்ட் கொடுக்கவேண்டுமென்றால் உறுதி சுத்தமாக இருக்கவேண்டும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் காணி, இறுதி விருப்பாவணம் எழுதப்படாமல், தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கப்படாத பங்குகளாகவே வந்தது. இப்படிப்பட்ட காணிக்கு அரசாங்கக் கடனோ உதவியோ கிடைப்பது நீண்ட காலமாக மிகக் கடினமாக இருந்தது. ஒரு பங்காளியின் பங்கை வெளியார் ஒருவர் வாங்கி, நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு முழுக் காணியையும் ஏலத்தில் விற்கச் செய்த சம்பவங்கள் ஏராளம். 1920இல் 9 இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த கறுப்பின விவசாயிகளின் தொகை இன்று 50,000க்கும் குறைவு. இதற்குப் பல காரணங்கள் உண்டு. பிரிக்கப்படாத வாரிசுக் காணி அவற்றில் முக்கியமானது. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவரே திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

இதை வாசித்தபோது வாப்பாவின் பெயரிலேயே கிடக்கும் எங்கள் உறுதி கண்முன் வந்தது.

எமக்கு என்ன?

எமது நாட்டில் வயலை நிரப்புவதற்குச் சட்டத்தடை இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்புவது குற்றம். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் கிறவல் லொறி வந்து திங்கட்கிழமை காலைக்குள் வேலை முடிந்துவிடுவதை நாம் பார்க்கிறோம். ஒரு முறை வீடு எழும்பிவிட்டால் இடிக்க யாருக்கும் மனம் வராது.

அமெரிக்க முறைக்கும் எமது சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். எமது சட்டம் விவசாயியிடம் "நிரப்பாதே" என்று மட்டும் சொல்கிறது. அங்குள்ள ஈஸ்மென்ட் "நிரப்பாமல் இரு, அதனால் நீ இழப்பதை ஊர் சேர்ந்து தருகிறது" என்கிறது. வயல் இருப்பதால் எல்லோருக்கும் பயன். வெள்ளம் தங்க இடம், கிணறுகளில் தண்ணீர், சந்தையில் அரிசி. ஆனால் அதற்கான விலையைத் தம்பியைப் போன்ற ஒருவர் மட்டும், தன் பெண் பிள்ளையின் வீட்டைப் பணயம் வைத்துக் கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

அப்படியே பிரதி பண்ணவும் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒரு பண்ணை நூறு ஏக்கர், இங்கே ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர். எமது காணிகளில் பல, உறுதியில்லாமல் அனுமதிப்பத்திரத்தில் இருப்பவை. அரசின் கஜானா நிலையும் எமக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில் குடியிருப்புக் காணித் தட்டுப்பாடு உண்மையானது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். சுனாமியின் பின் கரையோரத்தில் கட்டுவதற்கு வந்த தடைகள் அந்த நெருக்கடியை இன்னும் இறுக்கின. வீட்டுக்கு மாற்று வழி காட்டாமல் வயலைக் காப்பாற்றுங்கள் என்று எழுதுவது, வீடு இருப்பவன் வீடில்லாதவனுக்குச் சொல்லும் உபதேசமாகத்தான் முடியும்.

ஆனாலும் மூன்று விடயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, தனித்தனி வயலாக அல்ல, வட்டை வட்டையாக யோசிப்பது. எமக்குக் கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. கன்னக் கூட்டம் கூடி விதைப்புத் திகதி தீர்மானிக்கிற அதே மக்கள், எந்த வாய்க்காலுக்கு அப்பால் நிரப்புவதில்லை என்று ஓர் எல்லையையும் தீர்மானித்து, கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

இரண்டு, வீட்டை மேல்நோக்கிக் கட்டுவது. மொன்ட்கொமரியின் கணக்கு எமக்கும் பொருந்தக்கூடியது. ஊருக்குள் மாடிக் குடியிருப்புக்கு அதிக அனுமதி கொடுத்து, அதற்காக அறவிடும் தொகையை வயலை விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பவர்களுக்குப் போய்ச்சேரும்படி செய்ய முடியுமா என்று எமது உள்ளூராட்சி உறுப்பினர்களும் நகரத் திட்டமிடுபவர்களும் சிந்திக்கவேண்டும். தேர்தல் மேடையில் வீதிக்குக் கொங்கிரீட் போடுவதைப் பற்றி மட்டும் அவர்களிடம் கேட்டால் போதாது.

மூன்று, உறுதிகளைச் சரிசெய்வது. எந்தத் திட்டம் என்றைக்கு வந்தாலும், பெயர் மாறாத உறுதி உள்ளவர் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். வாரிசுரிமையைப் பற்றி ஜும்ஆவில் பயான் கேட்கிறோம். மையித்தை அடக்கி வந்தபின் நொத்தாரிசிடம் போவதற்கு வருடக்கணக்கில் தாமதிக்கிறோம். இதில் குற்றவாளி நானும்தான்.

கடந்த மாதம் நாங்கள் நால்வரும் உம்மாவின் வீட்டில் கூடினோம். பங்கு பிரிக்க நில அளவையாளரைக் கூப்பிடுவதென்று ஒருவழியாக முடிவாகியது. தம்பிக்கு ஊருக்குள் இருக்கும் எனது பழைய வளவில் மூத்த மகளுக்கு மேல்மாடி எழுப்ப இடம் கொடுப்பதாகச் சொன்னேன். பதிலாக வயலில் அவனுடைய பங்கை எனக்கு எழுதவேண்டும், நான் அதை வயலாகவே வைத்திருப்பேன். அவன் இன்னும் சம்மதிக்கவில்லை. இரண்டாவது மகளுக்கும் மூன்றாவது மகளுக்கும் என்ன செய்வது என்று கேட்டான். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

ஒரு குடும்பம் தனியாகப் பதில் தேடினால் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கும். அமெரிக்க விவசாயிக்கும் தனியாகப் பதில் கிடைக்கவில்லை. கவுண்டியும் மாநிலமும் ஊர் நம்பிக்கை நிறுவனமும் சேர்ந்து மேசையில் உட்கார்ந்த பின்தான் கிடைத்தது. எங்கள் வட்டைக்கும் அப்படியொரு மேசை தேவை. அடுத்த கன்னக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் ஊரிலும் யாராவது எடுத்தால் நல்லது.